மணவாழ்வைக் கேள்வி கேட்ட திருவிதாங்கூர்ப் பெண்கள்



திருமணத்தைப் பற்றி யாராவது ஒரு கேள்வி எழுப்பினால் நம் வீடுகளில் உடனே வரும் பதில், "காலங்காலமாக இப்படித்தானே நடக்கிறது" என்பது. பெண் புகுந்த வீட்டுக்குப் போவாள். கணவன் சம்பாதிப்பான், அவள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். பிள்ளைகள் அப்பாவின் பெயரைத் தாங்குவார்கள். சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்கும். வேறெந்த ஊரில் இதைச் சொன்னாலும் திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. இந்த மண்ணில் வாழ்ந்த மக்களில் கணிசமானவர்களுக்கு, இன்று நாம் காணும் குடும்ப அமைப்பு 1912-க்கும் 1926-க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் சட்டமாக வந்தது. மசோதாவாக எழுதப்பட்டு, விவாதிக்கப்பட்டு, அரசின் முத்திரையோடு வெளியானது. நம் கொள்ளுப்பாட்டிகளில் பலர் அதற்கு முன்பும் வாழ்ந்தார்கள், பின்பும் வாழ்ந்தார்கள். மனிதர்கள் கூடி உட்கார்ந்து இயற்றிய ஒன்றை மனிதர்கள் கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்ட பெண்கள் இதே ஊரில் இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் போதுமான அளவு பேசப்படவில்லை என்ற ஆதங்கத்தோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

முதலில் சட்டத்துக்கு முந்திய வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். தென் திருவிதாங்கூர் நாயர்களின் தாய்வழிக் கூட்டுக்குடும்பங்களான தறவாடுகளில் நடந்த 'புடவகொட' ஒரு சிறிய சடங்கு. ஏற்றிய குத்துவிளக்கு, நெல் நிறைத்த பறை, அதன் மேல் தென்னம்பூக்குலை, ஒரு தட்டில் மடித்து வைத்த வெள்ளைத் துணி. ஆண் அந்தத் துணியை எடுத்துக் கொடுப்பான், பெண் வாங்கிக்கொள்வாள். சம்பந்தம் என்ற அந்த உறவு ஏற்பட்டுவிடும். புரோகிதரும் இல்லை, அக்கினியும் இல்லை. அதன் பிறகும் அவள் பிறந்த வீட்டிலேயேதான் இருப்பாள். அவன் இரவில் வருவான், காலையில் தன் தறவாட்டுக்குத் திரும்புவான். பிள்ளைகள் தாயின் வீட்டுக்குச் சொந்தம். உறவு கசந்துவிட்டால் பிரிவதற்கு நீதிமன்றம் வேண்டியதில்லை. பிரிந்தாலும் அவள் தலைக்கு மேல் கூரை அப்படியே இருக்கும்.

இதைக் கேட்டதும் பொற்காலம் என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லிவிடக் கூடாது. தறவாட்டின் சாவி குடும்பத்தை ஆளும் மூத்த ஆணான காரணவரின் இடுப்பில் இருந்தது. யார் சம்பந்தம் செய்யலாம் என்பதையும் பெரும்பாலும் அவரே தீர்மானித்தார். நம்பூதிரிகளில் மூத்த மகனுக்கு மட்டுமே சொந்தச் சாதியில் மணம் செய்ய அனுமதி என்ற வழக்கமே, இளையவர்களை நாயர் வீடுகளின் வாசலுக்கு அனுப்பியது. அங்கே பெண்ணின் விருப்பத்தைக் கேட்டவர்கள் குறைவு. அந்தத் தறவாடுகளுக்கு நெல் விளைவித்துக் கொடுத்த புலையப் பெண்களுக்கோ இந்தக் கூரையின் நிழல்கூட விலக்கு. ஆனாலும் ஓர் உண்மை மீதமிருக்கிறது. உண்ணவும் உறங்கவும் ஒரு பெண் மனைவியாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த வீட்டில் இல்லை. மகளாக, தங்கையாகப் பிறந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இந்தச் சம்பந்தம் திருமணம்தானா என்ற கேள்வியை முதலில் பெரிதாக எழுப்பியது ஆங்கில நீதிமன்றங்கள். ஆங்கில ஆட்சிக்குட்பட்ட மலபாரில் 1891-ல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதற்குத் தலைவர் நம் தஞ்சாவூர்க்காரர், சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் டி. முத்துசாமி ஐயர். உறுப்பினர்களில் ஒருவர் 1889-ல் 'இந்துலேகா' நாவலை எழுதிய ஓ. சந்து மேனன். சம்பந்தம் திருமணமே, அதைச் சட்டம் போட்டுத் திருமணமாக்க வேண்டியதில்லை என்பது சந்து மேனனின் கருத்து. 1896-ல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. விரும்புகிறவர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். பதிவு செய்ய வந்தவர்கள் மிகச் சிலர்.

திருவிதாங்கூரில் கதை வேறு விதமாகப் போனது. இங்கே படித்து உத்தியோகத்துக்கு வந்த நாயர் இளைஞர்கள் தங்கள் சம்பளம் தங்கள் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று விரும்பினார்கள். நியாயமான விருப்பம்தான். கொல்லம் ஆண்டு 1088-ல், அதாவது 1912-ல், முதல் நாயர் சட்டம் வந்தது. சம்பந்தம் சட்டப்படி திருமணமாயிற்று. ஆண் தானாகச் சம்பாதித்த சொத்தில் ஒரு பாதி மனைவி மக்களுக்கு வந்தது. ரீஜெண்ட் மகாராணி சேது லட்சுமி பாய் ஆட்சியில், 1925-ல் வந்த இரண்டாவது சட்டம் அந்தப் பங்கை முழுமையாக்கியது, தறவாட்டைப் பிரித்துக்கொள்ள வழி திறந்தது, பலதார மணத்தைத் தடை செய்தது.

அந்த 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி என்னைப் பல ஆண்டுகளாக வியக்க வைக்கிறது. கணவன் மனைவி இருவரும் மனம் ஒத்துப் பதிவுப் பத்திரம் எழுதினால் திருமணம் கலைந்துவிடும். ஒருவருக்கு மட்டும் விருப்பமில்லை என்றால் நீதிமன்றத்தில் மனு போடலாம். பரஸ்பர சம்மதத்தோடு பிரியும் உரிமை இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்தது 1976-ல். நான் வஞ்சியூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞராக இருந்தவள். விவாகரத்து என்பது மேல்நாட்டு நாகரிகம் என்று எதிர்த்தரப்பு வாதிடும்போதெல்லாம் இந்த 50 ஆண்டு இடைவெளி என் நினைவுக்கு வரும்.

சட்டம் கொடுத்தவற்றைச் சொன்னேன். வாங்கிக்கொண்டவற்றையும் சொல்ல வேண்டும். தறவாடுகள் பிரிந்தன. கணவன் தனி வீடு கட்டினான், மனைவி அங்கே போனாள். அவளுக்குச் சோறு போடும் கடமை கணவனுடையது என்று சட்டம் சொன்னபோது, சோறு போடப்பட வேண்டியவள் என்ற நிலையும் அவளுக்கு அதன் கூடவே வந்தது. பிறந்த வீட்டில் பங்காளியாக இருந்தவள் கணவன் வீட்டில் பராமரிக்கப்படுகிறவள் ஆனாள். சீர்திருத்தவாதிகள் யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. ஆனால் சீர்திருத்தத்தின் கணக்கைப் பெண் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அப்போது சட்டசபையில் அரிது.

இனி நம் தமிழ்ப் பக்கம் வருகிறேன். இந்தக் கதையின் மறுபாதி நாஞ்சில் நாட்டில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை அதுவும் திருவிதாங்கூர்தான். நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள் வழிக்காரர்கள். சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். ஆனால் ஒரே ஒரு வேறுபாடு: அங்கே மனைவி கணவன் வீட்டில் வந்து வாழ்ந்தாள். நாயர் பெண் பிறந்த வீட்டில் இருந்ததால் மருமக்கள் வழி அவளைக் காத்தது. நாஞ்சில் பெண் புகுந்த வீட்டில் இருந்ததால் அதே மருமக்கள் வழி அவளை நடுத்தெருவில் நிறுத்தியது. கணவனான காரணவர் கண்ணை மூடினால் வீடு மருமகனுடையது. அவளுக்கு நங்குடைமை என்று பிழைப்புக்குக் கொஞ்சம், பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று கொஞ்சம். அதையும் கேட்டு வாங்க வழக்கு, வாய்தா, வக்கீல் செலவு.

அந்தப் பெண்ணின் குரலில் ஒரு நீண்ட கவிதை எழுதியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவர் இந்தத் திருவனந்தபுரத்தில் மகாராஜா மகளிர் கல்லூரியில் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' நூலை நகைச்சுவைக் காவியம் என்று பாடப்புத்தகங்களில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியில் உடன்பாடில்லை. அதில் கதை சொல்கிறவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. மாமியார், நாத்தனார், சக்களத்திகள், மருமகன், கடன்காரன், கோர்ட் என்று அவள் அடுக்கும் ஒவ்வொன்றும் மண உறவின் வரவுசெலவுக் கணக்கு. சிரித்துக்கொண்டே படித்து முடித்தால், 5 மனைவிகளில் ஒருத்திக்குக்கூடச் சொந்தமாக ஒரு சுவர் இல்லை என்பது தெரியும். ஓர் ஆண் கவிஞர் மனைவியின் வாயைக் கடன் வாங்கி, ஒரு சமுதாயத்தின் திருமண முறையையே குற்றக் கூண்டில் ஏற்றியது தமிழில் எத்தனை முறை நடந்திருக்கிறது? கொல்லம் ஆண்டு 1101-ல், அதாவது 1926-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது.

இப்போது இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நாஞ்சில் மனைவி கணவன் சொத்தில் பங்கு கேட்டாள், கிடைத்தது. ஒரு பகல் வண்டிப் பயணத் தொலைவில் இருந்த நாயர் பெண்ணுக்கும் அதே பங்கு கிடைத்தது, அதற்கு விலையாகப் பிறந்த வீடு கரைந்தது. சட்டம் இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது: கணவன் வீட்டில், மனைவி என்ற நிலையில். அந்த இடத்தில் உட்கார விருப்பமில்லாத பெண்ணுக்கு என்ன வழி? 1920-களின் இறுதியில் இந்த ஊரில் எழுந்த கேள்வி அதுதான்.

அதை வெளிப்படையாகக் கேட்டவர்களில் முதன்மையானவர் அன்னா சாண்டி. 1905-ல் பிறந்தவர், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். கேரளத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண். 1928-ல் திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், பெண்களுக்கு அரசு வேலை கொடுக்கக் கூடாது என்று டி. கே. வேலுப்பிள்ளை வாதாடினார். பின்னாளில் 'திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்' எழுதிய அதே பெரிய மனிதர். பெண் வேலைக்குப் போனால் குடும்பம் குலையும் என்பதுதான் வாதத்தின் சாரம். அன்னா சாண்டி அதை ஒரு மனுவாக எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் எதிர்வாதம் செய்வதுபோல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பதில் சொன்னார். மனுதாரர் உண்மையில் கேட்பது பெண்கள் சம்பாதிப்பதையே தடை செய்ய வேண்டும் என்பது, அதற்கு அவர் காட்டும் காரணம் பெண்கள் ஆண்களின் வீட்டுச் சுகத்துக்காகப் படைக்கப்பட்டவர்கள் என்பது, என்று எதிராளியின் வாதத்தை அவர் சபை முன் விரித்து வைத்தார்.

வேலை பற்றிய அந்த விவாதத்தைத் திருமணம் பற்றிய விவாதமாக நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. சம்பளம் இல்லாத பெண்ணுக்குத் திருமணம் பிழைப்பு. பிழைப்புக்காக ஏற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றில் சம்மதத்துக்கு என்ன பொருள்? அன்னா சாண்டி இந்த முடிச்சைக் கண்டுபிடித்திருந்தார். அவர் நடத்திய 'ஸ்ரீமதி' இதழில் சமையலும் கதையும் இருந்தன, வயலில் கூலி வேலை செய்யும் பெண்களின் ஊதியப் பிரச்சினையும் இருந்தது.

அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. திருவிதாங்கூரின் மக்கள் சபையான ஸ்ரீமூலம் பிரஜா சபைத் தேர்தலில் முதல் முறை நின்றபோது, அவருடைய நடத்தையைப் பற்றி அவதூறு பரப்பினார்கள். ஊர்ச் சுவர்களில் ஆபாசமாக எழுதி ஒட்டினார்கள். தோற்றார். 'ஸ்ரீமதி'யில் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். மறுபடி நின்று 1932-ல் சபைக்குள் போனார். பிரஜா சபை கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் இப்போது அய்யங்காளி ஹால். அந்தப் பக்கம் போகும்போது, இங்கே வந்திருக்கும் மாணவிகள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். திருமணமான, கணவனோடு ஒத்து வாழ்ந்த ஒரு பெண்ணைக்கூட, பொது இடத்துக்கு வந்தாள் என்ற ஒரே காரணத்துக்காக ஒழுக்கம் கெட்டவள் என்று ஊர் சொல்லத் துணிந்தது. பெண்ணுக்குத் திருமணம் ஒரு பாதுகாப்பு என்பார்கள். அது வீட்டு வாசல்படியோடு நின்றுவிடும் பாதுகாப்பு.

1935-ல் அவர் இன்னும் ஆழமாகப் போனார். திருமணத்தில் கணவனுக்குச் சட்டம் கொடுக்கும் சலுகைகளை எதிர்த்தார், மனைவியின் சம்மதத்துக்கு மதிப்பில்லாமல் இருப்பதைக் கேள்வி கேட்டார். மலையாளப் பெண்களில் பலருக்குச் சொத்து, வாக்கு, உத்தியோகம் எல்லாம் இருந்தும், தங்கள் உடலின்மேல் அதிகாரம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது அவர் முன்வைத்த கேள்வி. அந்த ஆண்டு டிசம்பரில் அகில இந்தியப் பெண்கள் மாநாடு இதே திருவனந்தபுரத்தில் நடந்தது. கருத்தடைக்காக உலகெங்கும் பேசிவந்த அமெரிக்கர் மார்கரெட் சாங்கர் அதற்கு வந்திருந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். காந்தி சுயகட்டுப்பாட்டையே வலியுறுத்தினார், செயற்கைக் கருத்தடையை ஏற்கவில்லை. அன்னா சாண்டியோ கருத்தடை பற்றியும் தாய்மை நலம் பற்றியும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க மருத்துவ நிலையங்கள் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு அவருடைய சொந்தச் சமூகத்துப் பெண்களிடமிருந்தே வந்தது. அவர் பின்வாங்கவில்லை.

இன்னொரு செய்தி, பலருக்கும் தெரியாதது. திருவிதாங்கூரில் பெண்களுக்கு மரண தண்டனையிலிருந்து விலக்கு இருந்தது. அன்னா சாண்டி அந்தச் சலுகையையும் எதிர்த்து எழுதினார். இரக்கத்தின் பேரில் கிடைப்பதையும் வேண்டாம் என்றவர் அவர். மரண தண்டனையே கூடாது என்று நினைப்பவள் நான். ஆனாலும் அவருடைய நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். 1937-ல் முன்சீப் ஆனார், இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. 1959-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. பதவிகளைச் சொல்லி அவரைக் கொண்டாடுகிறோம், பாடநூலில் படம் போடுகிறோம். 1935-ல் கேட்ட கேள்வியை மட்டும் படத்துக்கு அடியில் போடுவதில்லை.

அன்னா சாண்டி பேசிய அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்ததை இங்கே ஒப்பிடாமல் போக முடியாது. 1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் செங்கல்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கருத்தடையை ஜனத்தொகைக்காகவும் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் பேசியபோது, பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் எழுதினார். அன்னா சாண்டி சொன்னதும் அதுவேதான். இருவரும் ஒருவரை ஒருவர் படித்தார்களோ இல்லையோ, கேள்வி ஒன்றாக இருந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் பெரும் சண்டை புரோகிதரை வெளியேற்றுவதற்கு நடந்தது. 1967-ல் அண்ணாவின் அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சண்டையில் வென்றது. பெரிய வெற்றிதான். ஆனால் புரோகிதரே இல்லாத சம்பந்தத்திலும் பெண்ணின் விருப்பம் கேட்கப்படாமல் போனதை நாயர் வீடுகளில் பார்த்தோம். சடங்கை நீக்குவது முதல் படி. அந்தப் படியிலேயே நாம் நெடுநாள் நின்றுவிட்டோம் என்பது என் எண்ணம். மேடையில் சுயமரியாதைத் திருமணம், கீழே சீர்வரிசைப் பட்டியல் என்று நடக்கும் கல்யாணங்களுக்கு நீங்களும் போயிருப்பீர்கள்.

அடுத்து எழுத்தாளர் கே. சரஸ்வதி அம்மா. 1919-ல் இந்த ஊருக்கு அருகே குன்னப்புழையில் பிறந்தவர். 1938-ல் முதல் கதை வெளியானது. அன்னா சாண்டி திருமணத்துக்குள் பெண்ணுக்கு அதிகாரம் கேட்டார். சரஸ்வதி அம்மா அந்தக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. லோக்கல் ஃபண்ட் ஆடிட் துறையில் வேலை பார்த்தார். சொந்தச் சம்பளத்தில் திருவனந்தபுரத்தில் வீடு கட்டிக் குடியிருந்தார். 1940-களிலும் 50-களிலும் ஒரு பெண் தனக்கென வீடு கட்டுவதே ஒரு கட்டுரைக்குச் சமம் என்பேன்.

அவருடைய கதைகளில் காதல் மீது சந்தேகம் இருக்கிறது. அது வெறுப்பினால் வந்த சந்தேகம் இல்லை. காதல் என்ற பெயரில் ஆண்கள் எழுதும் கவிதையில் பெண்ணின் இடம் என்ன என்று கவனித்து வந்தது. 1936-ல் கவிஞர் சங்ஙம்புழையின் 'ரமணன்' காவியம் வெளிவந்து கேரளத்தையே அழ வைத்தது. ஏழை இடையன் ரமணன், பணக்காரப் பெண் சந்திரிகை. அவள் வேறொருவனை மணக்கிறாள், அவன் உயிரை விடுகிறான். ஒரு தலைமுறை முழுவதும் சந்திரிகையைத் துரோகி என்றது. தந்தை பார்த்து வைத்த கல்யாணத்தில் அந்தப் பெண்ணால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்க ஆளில்லை. சரஸ்வதி அம்மா 'ரமணி' என்று ஒரு கதை எழுதி, பெண் பக்கத்திலிருந்து அதற்குப் பதில் சொன்னார். 1958-ல் 'புருஷன்மாரில்லாத லோகம்' என்ற கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆண்கள் இல்லாத உலகம். அந்தத் தலைப்புக்காகவே அவரை ஆண்வெறுப்பாளர் என்று முத்திரை குத்தி ஒதுக்கினார்கள். சிறிது காலத்தில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். 1975-ல் இறந்தார். தனியாக வாழ்ந்த பெண் எழுத்தாளரை வாசிப்பதற்கு முன் அவர் ஏன் தனியாக வாழ்ந்தார் என்று ஆராய்கிற பழக்கம் விமர்சகர்களுக்கு இருந்தது. அந்த விமர்சகர்களுக்கு இருந்த குறையை அவர் குறையாக எழுதிவைத்தார்கள். பின்னால் வந்த பெண் ஆய்வாளர்கள்தான் அவரை மீட்டெடுத்தார்கள்.

சொத்துக்கு மறுபடி வருகிறேன், கிறிஸ்தவப் பெண்களின் நிலையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாகச் சொல்லியிருந்தால்கூட, அதுவும் இல்லை. விதவைக்குக் கிடைக்கும் பங்கு அவள் மறுமணம் செய்தால் போய்விடும். மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 1951 ஏப்ரல் முதலே அந்தச் சட்டம் செல்லாது, மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வஞ்சியூரில் என் அறைக்கு வந்த ஒரு பெண்ணை இங்கே நினைவுகூர்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம். கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா தன் கைப்பட எழுதிய பட்டியல் அதில் இருந்தது. மாலை இத்தனை பவுன், வளையல் இத்தனை பவுன், ரொக்கம் இவ்வளவு, கட்டில், அலமாரி, கடைசியில் சாப்பாட்டுச் செலவு. ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் 'கொடுத்தது' என்று ஒரு டிக். பவுன் முழுவதும் கணவனின் கடைக்குப் போய், கடையும் மூடிப்போயிருந்தது. அண்ணன்மார் அந்த நோட்டைக் காட்டித்தான் "உன் பங்கு எல்லாம் அப்போதே கொடுத்தாயிற்று" என்றார்களாம். தீர்ப்பு உன் பக்கம் இருக்கிறது, வழக்குப் போடலாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வழக்குப் போட்டால் அம்மா வீட்டுக்கு நான் எப்படி வருவேன் வக்கீலம்மா?" என்று கேட்டாள். வழக்குப் போடவில்லை. சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமைக்கும் ஒரு பெண்ணின் கைக்கும் நடுவே எத்தனை உறவுகள் நிற்கின்றன என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். இதில் சாதி, மத வேறுபாடு இல்லை. கரமனையிலும் சாலையிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் இந்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது, நோட்டு மட்டும் மாறவில்லை.

உடலைப் பற்றி அன்னா சாண்டி 1935-ல் கேட்ட கேள்வி இன்று எங்கே நிற்கிறது? கணவனோடு வாழ மறுத்த ருக்மாபாயிக்கு 1887-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் கணவன் வீடு அல்லது 6 மாதச் சிறை என்றது. சிறைக்கே போகிறேன் என்றார் அவர். இன்று சிறை இல்லை, ஆனால் கணவனோடு சேர்ந்து வாழ உத்தரவு கேட்கும் பிரிவு இந்து திருமணச் சட்டத்தில் 9-ஆம் எண்ணோடு அப்படியே இருக்கிறது. மனைவியின் சம்மதமில்லாத உடலுறவு விவாகரத்துக்குப் போதுமான காரணம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது குற்றமா என்றால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, 18 வயது நிறைந்த மனைவி விஷயத்தில் அது பாலியல் வன்முறை ஆகாது என்று விலக்கு அளிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தை மாற்றி எழுதியபோது இந்த விலக்கை எடுத்துவிட வாய்ப்பிருந்தது. எடுக்கவில்லை. குடும்ப அமைப்பு குலைந்துவிடும் என்பதுதான் சொல்லப்படும் காரணம். 1928-ல் வேலுப்பிள்ளை சொன்ன அதே காரணம்.

திருமணமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. மனம் ஒத்து வாழ்ந்த தம்பதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்னா சாண்டியும் அப்படி வாழ்ந்தவர்தான். பெண்ணுக்கு அது ஒரு தெரிவாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். போகாமல் இருக்க ஓர் இடமும், போனால் திரும்பி வர ஓர் இடமும் இருந்தால்தான் அது தெரிவு. பழைய தறவாட்டில் எத்தனையோ அநீதிகளுக்கு நடுவே அந்த ஒரு இடம் பெண்ணுக்கு இருந்தது. அதை நாம் சட்டம் போட்டுக் கரைத்தோம். அதற்கு ஈடாக ஒன்றையும் கட்டித் தரவில்லை.

இந்த அவையில் பெற்றோர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மகளின் கல்யாணத்துக்கு என்று பவுன் சேர்ப்பதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறிய வீட்டையோ, வீட்டில் ஒரு பாகத்தையோ அவள் பெயரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். திருமணம் ஆனால், ஆகாவிட்டால் என்று எந்த நிபந்தனையும் பத்திரத்தில் எழுதாதீர்கள். வீட்டில் திருமணம் வேண்டாம் என்று இருக்கும் மகளோ தங்கையோ இருந்தால், அவளிடமிருந்து தொடங்குங்கள்.